நெக்ஸான் ஈவி சார்ஜிங்: 15 ஆம்ப்ஸ் பாயிண்டே போதுமா?

டாடா நெக்ஸான் ஈவியின் 40.5 யூனிட் பேட்டரி மாடலுக்கு மூன்று வகையில் சார்ஜ் ஏற்றலாம். தினமும் 100 கி.மீ.க்குள் ஓடும் வண்டி என்றால், 15 ஆம்ப்ஸ் பிளக்கில் செருகும் போர்ட்டபிள் சார்ஜரே தாராளம். 10-லிருந்து 100 சதவீதம் ஏற சுமார் 15 மணி நேரம் என்றதும் பலர் மிரள்கிறார்கள். தினமும் காலி பேட்டரியோடா வீடு திரும்புகிறோம்? இரவில் 9 மணி நேரம் போட்டாலே பாதிக்கு மேல் ஏறிவிடும், ஏறக்குறைய 130 கி.மீ. ஓட்டத்துக்கு ஆகும்.

இந்தச் சார்ஜரில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வீட்டு வயரிங்கால் வருபவை. எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. ஏசி, கீசர் ஓடும் பழைய லைனிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ போட்டால் பின் சூடேறிக் கருகும். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர், 20 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் ஸ்விட்ச்), 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்), நல்ல எர்த் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது. முதலில் சுவரில் செருகி, பச்சை விளக்கு வந்த பிறகு காரில் கன்னை (சார்ஜர் வயரின் மறுமுனையை) மாட்டுங்கள். கழற்றும்போது கன்தான் முதலில்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டி சுமார் 6 மணி நேரத்தில் நிரப்பிவிடும். ஆனால் மணிக்கணக்கில் 32 ஆம்ப்ஸ் இழுக்கும். 6 ஸ்கொயர் வயரும் 40 ஆம்ப்ஸ் எம்சிபியும் வேண்டும், சாங்ஷன் லோடையும் (வீட்டுக்கு மின்வாரியம் அனுமதித்த லோடு) உயர்த்த வேண்டியிருக்கும். த்ரீ பேஸ் இணைப்பு இருந்தாலும் இந்த வண்டி ஒரு பேஸில் மட்டுமே, அதுவும் 7.2 கிலோவாட் வரைதான் எடுக்கும். அதனால் 11 கிலோவாட் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். கார் இழுக்கும் பேஸில் லோடு குவியாமல் இருக்க, ஏசிகளை வேறு பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை, வெளியூர்ப் பயணத்துக்கு: சிசிஎஸ்2 என்ற வகைக் கன் உள்ள, பொது இடங்களில் இருக்கும் வேகமான டிசி சார்ஜர். 50 கிலோவாட் கிடைத்தால் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 56 நிமிடம் என்பது நிறுவனத்தின் கணக்கு. போர்டில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் நின்றால் பல இடங்களில் ஆளுக்கு 30தான். 80-ஐத் தாண்டியதும் வேகம் இறங்கிவிடும், அங்கேயே கிளம்பிவிடுவது நல்லது. யூனிட் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

இந்த வண்டியில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி. வாரக்கணக்கில் டிசியிலேயே 80 வரை ஏற்றி ஓட்டினால் காரின் மீட்டர் காட்டும் சதவீதம் பிசகத் தொடங்கும். அவ்வப்போது வீட்டு பாயிண்டில் மெதுவாக 100 வரை ஏற்றினால் செல்கள் சமனாகி, கணக்கும் நேராகும்.