80-ல நிறுத்துறதா, ஃபுல்லா போடுறதா? எல்.எஃப்.பி.க்கு ஒரு பதில், என்.எம்.சி.க்கு வேற பதில்

எங்க குடும்பத்துல ரெண்டு எலக்ட்ரிக் கார் ஓடுது, என்னோடது எல்.எஃப்.பி. பேட்டரி, மச்சானோடது என்.எம்.சி. (லித்தியம் பேட்டரியிலயே ரெண்டு வகை), ரெண்டு காரும் திருச்சி வெயில்லதான் கிடக்குது. "80 சதவீதத்துக்கு மேல சார்ஜ் போடாதீங்க, பேட்டரி போயிடும்"னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அது எந்த பேட்டரிக்குன்னு சேர்த்து சொல்றவங்க ரொம்ப கம்மி. நானும் அதை அப்படியே நம்பிதான் ஓட்டிட்டு இருந்தேன்.

முதல்ல உங்க கார்ல எது இருக்குன்னு பாத்துக்கோங்க. நெக்ஸான் இ.வி., பி.ஒய்.டி. அட்டோ 3 இதெல்லாம் எல்.எஃப்.பி., லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஹூண்டாய் கோனா, ஐயானிக் 5 ரெண்டும் என்.எம்.சி., அதுல நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட். என்.எம்.சி. செல் ஃபுல் ஆகும்போது 4.2 வோல்ட் கிட்ட போயிடும், எல்.எஃப்.பி. 3.65-லயே முடிஞ்சிடும். வோல்டேஜ் ஏற ஏற உள்ள இருக்குற எலக்ட்ரோலைட் திரவம் சிதையுறதும் அதிகமாகும், அதனால 100-லயே நிக்க வச்சா என்.எம்.சி.க்குத்தான் அடி பலமா விழும். மச்சான் தினசரி ஓட்டத்துக்கு 80-ல நிறுத்துறாரு, ஊருக்கு கிளம்புற அன்னைக்கு மட்டும் ஃபுல். அவரு வண்டிக்கு அதுதான் சரி.

எல்.எஃப்.பி.க்கு சிக்கல் வேற இடத்துல இருக்கு. 30 சதவீதத்துலயும் 70 சதவீதத்துலயும் அதோட வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நிக்கும், அதனால மிச்சம் எவ்ளோ இருக்குன்னு பி.எம்.எஸ். (பேட்டரியை கவனிச்சுக்கிற கம்ப்யூட்டர்) வோல்டேஜை வச்சு கண்டுபிடிக்க முடியாம உள்ள போன கரண்ட், வெளிய போன கரண்ட்னு கூட்டி கழிச்சுட்டே இருக்கும், அந்த கணக்குல தினமும் கொஞ்சம் கொஞ்சமா பிசகும். ஃபுல் ஆகுற கடைசி கட்டத்துலதான் வோல்டேஜ் விறுவிறுன்னு ஏறும், அப்போதான் அது கணக்கை நேர் பண்ணிக்கும், செல்களையும் ஒண்ணுக்கொண்ணு சமமாக்கிக்கும்.

நான் ஒன்றரை மாசம் மச்சானைப் பாத்து 80-லயே நிறுத்திட்டு இருந்தேன். ஒரு நாள் மதுரைக்கு போறப்ப துவரங்குறிச்சி தாண்டி 24 சதவீதம் காட்டுச்சு, கொட்டாம்பட்டி வர்றதுக்குள்ள 12-ன்னு விழுந்துடுச்சு, பின்னாடி அம்மா, ரெண்டு பிள்ளைங்க. ஏசிய ஆஃப் பண்ணி, 50-ல ஊர்ந்து மேலூர் போய் சார்ஜர்ல போட்டோம். பேட்டரிக்கு ஒண்ணும் ஆகல, கணக்குதான் பிசகியிருந்துச்சு, அன்னைக்கு ராத்திரி 100 வரைக்கும் விட்டதும் சரியாயிடுச்சு. டெஸ்லாவே எல்.எஃப்.பி. போட்ட மாடல் 3-க்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது 100 போடச் சொல்லுது. அதனால எல்.எஃப்.பி. வச்சிருக்கவங்க 80-ஐ தினமும் பிடிச்சு தொங்காதீங்க, வாரம் ஒரு ஃபுல் கட்டாயம்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, ஒரு ஃபுல்லுக்கு 250 கிடைக்குதுன்னு வைங்க, வருஷத்துக்கு 60 ஃபுல் சார்ஜ்தான் ஆகுது. என்.எம்.சி. 1,000 தடவைதான் தாங்கும்னு குறைச்சு வச்சாலே 16 வருஷம் வருது, எல்.எஃப்.பி. பொதுவா 3,000-க்கு மேல போகும். ஓட்டி தேயுறதை விட சும்மா நிக்கும்போது தேயுறதுதான் நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு பெரிய நஷ்டம். கார் ஒரு நாளைக்கு 22 மணி நேரம் நிக்குது, அந்த நேரத்துல எவ்ளோ சூட்டுல, எத்தனை சதவீதத்துல நிக்குதுங்கறதுதான் ஆயுளை முடிவு பண்ணுது.

சூடுன்னா என்ன பண்ணும்னு நிசான் லீஃபோட கதைய பாத்தா தெரியும். 2010-ல வந்த அந்த காருக்கு லிக்விட் கூலிங், அதாவது பேட்டரியை திரவம் ஓடவிட்டு ஆற வைக்கிற வசதி, கிடையாது, 2012-ல அமெரிக்காவுல அரிசோனா பக்கம், பாலைவன வெயில்ல ஓட்டுனவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ளயே பேட்டரி அளவு பட்டை பட்டையா குறைய ஆரம்பிச்சுது. குளிர் ஊர்ல ஓடுன அதே கார் அவ்ளோ வேகமா தேயல. நம்ம ஊர் மே மாசத்துக்கு இதை விட நல்ல எச்சரிக்கை வேண்டாம், வாங்கும்போது லிக்விட் கூலிங் இருக்கான்னு கேட்டு வாங்குங்க.

அதனால நான் மாத்துன பழக்கம் ரெண்டு. ஆபீஸ்ல கேட் பக்கத்துல தார் தரையில நிறுத்துவேன், சாயங்காலம் குனிஞ்சு பாத்தா அடியில இருந்து அனல் முகத்துல அடிக்கும், பேட்டரி இருக்கிறதும் சரியா அங்கதான். இப்போ கொஞ்சம் நடந்தாலும் பரவால்லன்னு வேப்ப மரத்தடிக்கு போயிடுறேன். ரெண்டாவது டைமர். வீட்டுக்கு வந்ததும் சூட்டோட பிளக்கை சொருகுனா ராத்திரி 1 மணிக்கே ஃபுல் ஆகி காலைல வரைக்கும் அப்படியே நிக்கும், அதுக்கு பதிலா கிளம்புறதுக்கு முன்னாடி முடியுற மாதிரி வச்சா பேட்டரி ஆறியும் இருக்கும், ஃபுல்லாவும் ரொம்ப நேரம் நிக்காது. என்.எம்.சி.க்கு இது இன்னும் முக்கியம்.

ஸ்லோவா ஃபாஸ்டான்னா, வீட்டு 15 ஆம்ப் பிளக்குல 3 கிலோவாட் சொச்சம்தான் ஏறுது, 50 கிலோவாட் சார்ஜர் அதை விட 15 மடங்கு வேகம், சூடும் அதுக்கேத்த மாதிரி. மேலூர்ல அன்னைக்கு சார்ஜ் ஏறும்போது முன்னாடி ஃபேன் போட்ட சத்தத்துல பக்கத்துல பேசுறதே கேக்கல. பயணத்துக்கு ஃபாஸ்ட் சார்ஜ் போட தயங்கவே வேண்டாம், அதுக்குத்தான் அது இருக்கு, ஆனா வீட்ல பிளக் இருந்தும் தினமும் அங்க போய் நிக்காதீங்க. ஹைவே சார்ஜர்ல 80 சதவீதம் தாண்டுனா சார்ஜ் ஏறுற வேகமும் படுத்துடும், கழட்டிட்டு கிளம்புறதுதான் நேரத்துக்கும் நல்லது. ஊட்டி, கொடைக்கானல்ல மார்கழி ராத்திரி பூரா வெளிய நின்ன காரா இருந்தா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு போடுங்க, குளிர்ந்த செல்லுல வேகமா ஏத்துனா லித்தியம் உள்ள போகாம மேலயே படிய வாய்ப்பிருக்கு.

புதுசா வாங்குறவங்க கேட்டா, தினமும் வெயில்ல நிக்கப்போற காருக்கு நான் எல்.எஃப்.பி.தான் சொல்வேன். அதே எடைக்கு அதிக கிலோமீட்டர் வேணும், மாசம் நாலு தடவை சென்னை போய் வரணும்னா என்.எம்.சி.க்கு நியாயம் இருக்கு, மூடுன பார்க்கிங் மட்டும் பாத்து வச்சுக்கோங்க. போன மாசம் நாங்க ரெண்டு குடும்பமும் பத்து நாள் ஊர்ல இல்ல, ரெண்டு காரையும் 50-ல வச்சு ஷெட்ல பூட்டிட்டு போனோம், வந்து பாத்தா ரெண்டும் 49.