புரோக்கர் வீட்டில் இருக்கட்டுமா, கிளவுடில் இருக்கட்டுமா?

ஈரோட்டில் அம்மா இருக்கும் வீட்டில் மோட்டார், மேல்தொட்டியின் நீர்மட்ட சென்சார், வாசல் விளக்கு, இன்னும் சில்லறையாக ஒரு பத்துச் சாமான்கள் எல்லாம் ஒரே ஜிக்பீ கேட்வேயில் (சாமான்களை வயர் இல்லாமல் இணைக்கும் பெட்டி) சேர்ந்திருக்கின்றன. கேட்வே எம்கியூடிடி பேசும், அதாவது சாதனங்கள் சின்னச் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை. அம்மாவின் போனில் ஒரு டாஷ்போர்டு ஆப். இரண்டுக்கும் நடுவில் செய்திகளைக் கைமாற்றித் தர புரோக்கர் ஒருவர், அதாவது ஒரு சர்வர் மென்பொருள், வேண்டும். மனை பார்த்துத் தரும் புரோக்கர் மாதிரியேதான். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நேரடிப் பழக்கம் கிடையாது, எல்லாம் இவர் வழியாகத்தான். கமிஷன் மட்டும் கிடையாது.

இவரை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் இந்த அலசல். எட்டு மாதம் ஒரு இலவச கிளவுட் சேவையில் வைத்திருந்தேன். இப்போது ஒன்றரை வருடமாக வீட்டுக்குள்ளேயே, ஒரு பழைய ராஸ்பெர்ரி பையில் (உள்ளங்கை அளவுக் கணினி) மாஸ்கிட்டோ என்ற புரோக்கர் மென்பொருள் ஓடுகிறது. நான் வீட்டுக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகம், செலவு, அந்தரங்கம் மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடலாம். விளக்கு எரிவதில் வேகத்தின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தாலும் எரிச்சல் தரும் அளவுக்கு இல்லை. செலவு, பை ஏற்கெனவே கையில் இருந்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய சைபர். அந்தரங்கத்துக்கு வீடுதான் நல்லது, இதில் வாதமே இல்லை. சோதனைக்கென்று இணையத்தில் திறந்து கிடக்கும் பொது புரோக்கர்களை மட்டும் நிஜ வீட்டுக்கு வைத்துவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் உங்கள் டாபிக்கை, அதாவது செய்திகள் போய்ச் சேரும் பெயரிட்ட தடத்தை, படிக்கலாம், உங்கள் மோட்டாரையும் போடலாம்.

கேட்வேயின் எம்கியூடிடி பக்கத்தில் நிரப்ப வேண்டியவை இரண்டு வழிக்கும் ஒன்றுதான்: ஹோஸ்ட், போர்ட், யூசர் நேம், பாஸ்வேர்டு, கிளையன்ட் ஐடி, டாபிக் முன்னொட்டு, கீப் அலைவ். வீட்டு புரோக்கர் என்றால் ஹோஸ்டில் பையின் ஐபி, போர்ட் 1883. கிளவுட் என்றால் அவர்கள் தரும் நீண்ட பெயர், போர்ட் 8883, கூடவே டிஎல்எஸ் (வழியில் யாரும் படிக்காதபடி பூட்டும் முறை) டிக். எம்கியூடிடி பதிப்பு கேட்டால் 3.1.1 போதும், 5 வந்து வருடங்கள் ஆகிவிட்டாலும் வீட்டுக்கு அதில் அவசரமாகத் தேவைப்படுவது எதுவும் இல்லை. புரோக்கரிடம் சாதனம் சொல்லிக்கொள்ளும் பெயரான கிளையன்ட் ஐடியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு சாதனத்துக்கு ஒரே ஐடி கொடுத்தால், இரண்டாவது உள்ளே வரும்போது புரோக்கர் முதலாவதை வெளியே தள்ளும். அது திரும்ப வந்து இதைத் தள்ளும். லாகைத் திறந்தால் சில நொடிக்கொரு முறை கனெக்ட், டிஸ்கனெக்ட் என்று சண்டை ஓடிக்கொண்டிருக்கும். டாபிக் பெயரை 'வீடு/மாடி/தொட்டி' என்று தமிழிலேயே வைக்கலாம், நெறிமுறை எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யுடிஎஃப்-8 என்பதால் தடையில்லை. நான் வைத்தேன். என் கேட்வேயின் செட்டிங்ஸ் பக்கம் அதைச் சேமிக்கும்போது கட்டம் கட்டமாக ஆக்கிவிட்டது, அதோடு விட்டுவிட்டேன்.

கிளவுடுக்கு உரியதையும் கொடுத்துவிட வேண்டும். கணக்குத் திறந்து, யூசர் போட்டு, கேட்வேயில் நாலு கட்டம் நிரப்பி, இருபது நிமிடத்தில் முடிந்தது. வெளியூரில் இருந்துகொண்டு தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அப்டேட், பேக்கப் எல்லாம் அவர்கள் பாடு. ஹோஸ்ட் பெயராக இருப்பதால் ஐபி மாறும் தொல்லையும் இல்லை. எட்டு மாதத்தில் அந்த சர்வர் படுத்ததாக எனக்கு நினைவில்லை.

படுத்தது எங்கள் தெரு.

மாதாந்திர ஷட்டவுன் நாள். காலை ஒன்பதுக்குப் போன கரண்ட் சாயங்காலம் வந்தது. நான் ஆபீஸில் இருந்தேன். அம்மா போன். "ஏங்கண்ணு, கரண்டு வந்து அரை மணி நேரமாச்சு. மோட்டாரு ஓடவே மாட்டீங்குது, இது சுத்திக்கிட்டே இருக்குது." சுற்றிக்கொண்டிருந்தது ஆப். கரண்ட் வந்துவிட்டது, ஃபைபர் இன்னும் வரவில்லை. போனுக்கும் மோட்டாருக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது; ஆனால் 'போடு' என்ற ஒரு சொல் ஜெர்மனியில் இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். ஒருவழியாக நெட் வந்த பிறகும் கேட்வே ஒட்டவில்லை. காரணம் பிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அந்தப் பெட்டிக்குள் கடிகார பேட்டரி இல்லை. கரண்ட் போய் வந்தால் அது 1970-இல் கண் விழிக்கும். நெட் வந்து சரியான நேரம் தெரியும்வரை, கிளவுடின் டிஎல்எஸ் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்காத சான்றிதழ், ஏற்க மறுக்கும். சில முறை முயன்றுவிட்டு என் பெட்டி சும்மா உட்கார்ந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி மாட்டினால்தான் மறுபடி எழும்.

அதனால் இரண்டையும் எடைபோட எனக்கு ஒரே கேள்விதான் மிஞ்சியது: கரண்ட் போய் வந்தால், யாரும் தொடாமல் எது தானாக எழுந்து நிற்கிறது? 1999-இல் ஆண்டி ஸ்டான்போர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எம்கியூடிடியை உருவாக்கியதே, எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்கத்தான். இணைப்பு அறும் என்பதை வைத்தே கட்டியது. கீப் அலைவ் 60 நொடி என்று வைத்தால், அதன் ஒன்றரை மடங்கான 90 நொடிக்குள் சாதனத்திடம் சத்தமே இல்லையென்றால், அது போய்விட்டது என்று புரோக்கர் முடிவு கட்டி, முன்பே எழுதிக் கொடுத்திருந்த உயில் செய்தியை எல்லோருக்கும் அனுப்பும். அதற்குப் பெயரே லாஸ்ட் வில். நெறிமுறை தயாராகத்தான் இருக்கிறது. கோட்டை விடுவதெல்லாம் நாம் அமைக்கும் விதத்தில்.

வீட்டுக்கு மாற்றியதும் எல்லாம் சுபம் என்று சொன்னால் பொய். முதல் ஷட்டவுனிலேயே பை எழவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதில் எஸ்டி கார்டு போயிற்று. அதை யுபிஎஸ் இல்லாமல் வைத்த புத்திசாலி நான்தான். இப்போது பை சின்ன எஸ்எஸ்டியில் பூட் ஆகிறது, ரவுட்டரோடு சேர்ந்து இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும் கணத்தில் பை ரீஸ்டார்ட் ஆனால், இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது மூன்று வருடமாகத் தவறான பக்கம் இருந்தது.

அடுத்தது ஐபி. ரவுட்டர் ஒருநாள் ரீஸ்டார்ட் ஆகி, பைக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டது. கேட்வே பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. ரவுட்டரில் ஐபி பங்கிடும் டிஹெச்சிபி பக்கத்தில் பையின் மேக் முகவரிக்கு (சாதனத்தின் சொந்த அடையாள எண்) ஒரு ஐபியை ரிசர்வ் செய்தால் தீர்ந்தது, இரண்டு நிமிட வேலை. மாஸ்கிட்டோவை நிறுவுவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2.0 பதிப்பிலிருந்து, நாமாக லிசனர் வரி (எந்தப் போர்ட்டில் கேட்க வேண்டும் என்று சொல்வது) எழுதாதவரை அது தன் கணினிக்குள் இருப்போருக்கு மட்டுமே காது கொடுக்கும். அந்த வரியை எழுதிய பிறகும் பெயர் சொல்லாமல் வருவோரைச் சேர்க்காது. பழைய குறிப்புகளைப் பார்த்து அமைத்தால் கேட்வேக்கு 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றுதான் வரும். லிசனர் 1883 என்று ஒரு வரி, பாஸ்வேர்டு ஃபைல் எங்கே என்று ஒரு வரி, பிறகு ரீஸ்டார்ட். அவ்வளவுதான். அனானிமஸை அனுமதித்துச் சுருக்கமாக முடிக்கும் ஆசை வரும், வேண்டாம்.

ரீட்டெய்ன் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது கிளவுடிலும் வரும், வீட்டிலும் வரும். ரீட்டெய்ன் கொடி போட்டு அனுப்பும் செய்தியை புரோக்கர் பத்திரமாக வைத்திருந்து, யார் புதிதாக அந்த டாபிக்குக்கு வந்தாலும் உடனே கையில் கொடுக்கும். 'தொட்டி 60 சதவீதம்' என்பதற்கு அது அருமை. நான் ஆப்பில் மோட்டார் 'ஆன்' பொத்தானுக்கும் அதே டிக்கைப் போட்டிருந்தேன். அன்று அம்மா மோட்டாரை ஆப்பில் போட்டுவிட்டு, நிறுத்தும்போது ஸ்டார்ட்டரில் கையால் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதைப் பழைய நிலைக்கே திருப்பியும் வைத்துவிட்டார். ராத்திரி கரண்ட் போய் வந்தது. கேட்வே எழுந்து, டாபிக்கில் சேர்ந்து, காலையிலிருந்து காத்திருந்த 'ஆன்' கட்டளையை வாங்கி, இரண்டு மணிக்கு மோட்டாரைப் போட்டது. தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாக இறங்கிய தண்ணீரை வாசலில் பார்த்துத்தான் அம்மா எழுந்தார். நிலைமைச் செய்திக்கு ரீட்டெய்ன் உண்டு, கட்டளைக்குக் கிடையாது. ஏற்கெனவே மாட்டிக்கொண்ட செய்தியை அழிக்க, அதே டாபிக்குக்கு ரீட்டெய்ன் போட்டு வெற்றுச் செய்தி அனுப்பினால் போதும்.

வெளியூரிலிருந்து பார்ப்பதில் மட்டும் வீடு தோற்கிறது. எங்கள் ஃபைபரில் வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி இல்லை. இருந்தாலும் 1883-ஐ ரவுட்டரில் திறந்துவிடுவது பாஸ்வேர்டைத் தபால் அட்டையில் எழுதி அனுப்புவது போல. வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குள் நுழையச் சில மாதம் ஒரு விபிஎன் வைத்திருந்தேன், எனக்குச் சரியாக இருந்தது, அம்மா போனில் அடிக்கடி அணைந்துவிடும். பழைய கிளவுட் கணக்கை மூடாமல் வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. மாஸ்கிட்டோவில் பிரிட்ஜ் என்று ஒரு வசதி: வீட்டு புரோக்கர் தானே கிளவுட் புரோக்கருக்கு ஒரு கிளையன்ட்டாகப் போய், நாம் சொல்லும் டாபிக்குகளை மட்டும் கைமாற்றும். இது ஓடி மூன்று மாதம்தான் ஆகிறது, மழைக்காலத்தை இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் அடிக்கடி வெளியில் இருந்துதான் வீட்டை இயக்குவீர்கள், வீட்டில் பெரும்பாலும் ஆளே இல்லை என்றால், நேராகக் கிளவுடுக்கே போவதில் தவறில்லை.

என் பிரிட்ஜில் தொட்டி மட்டமும் கேட்வே உயிரோடு இருக்கிறதா என்ற செய்தியும் வெளியே போகும் திசையில் மட்டும் இருக்கின்றன. மோட்டார் கட்டளை அதில் இல்லை. வெளியூரிலிருந்து தொட்டி காலி என்று தெரிந்தால் அம்மாவுக்கு போன் போடுகிறேன்.