மாலைக் கடலுக்கு எந்தப் படகு: கேட்டமரனா, ஒற்றை உடல் பாய்மரமா, மோட்டார் படகா?

தீவுகளில் சூரிய அஸ்தமனப் பயணம் என்று விற்கப்படுவதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. விளம்பரப் படங்களில் வானம் ஒரே மாதிரி சிவந்திருக்கும், படகுதான் வேறு வேறு. இரண்டு உடல்களைப் பாலம் போட்டு இணைத்த கேட்டமரன், கீழே ‘கீல்’ என்ற கனமான அடித்தகடு தொங்கும் ஒற்றை உடல் பாய்மரப் படகு, இரண்டு தளம் கொண்ட மோட்டார் படகு ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். நிம்மதியாக உட்கார்ந்து சூரியனைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் என் தேர்வு, நிஜமாகவே பாய் விரிக்கும் கேட்டமரன். பாய்மரத்தை அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு போகும்போதும் வரும்போதும் எஞ்சினிலேயே ஓடும் கேட்டமரனை இதில் சேர்க்கவில்லை.

முதல் காரணம் சாய்வு. நல்ல காற்றில் ஒற்றை உடல் படகு 15 முதல் 25 டிகிரி வரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். அது பழுது இல்லை, அப்படி ஓடத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். கீலில் இருக்கும் ஈயமோ இரும்போ அதைக் கவிழ விடாது. ஆனால் பழக்கமில்லாதவருக்கு முழுப் பயணமும் காலை எங்கே ஊன்றுவது என்ற கவலையிலேயே போய்விடும். கேட்டமரன் தன் அகலத்தால் நிற்கிறது, அதே காற்றில் சில டிகிரிதான் சாயும். மேசையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். குழந்தையும் பாட்டியும் பயமில்லாமல் உட்காரலாம்.

அதற்காகக் கேட்டமரன் ஆடவே ஆடாது என்று சொல்ல மாட்டேன். குட்டை அலைகள் நெருக்கமாக வந்தால் அதன் அசைவு வெடுக் வெடுக்கென்று இருக்கும். பாலத்தின் அடியில் தண்ணீர் மோதி ‘தட்’டென்று சத்தம் கேட்கும். ஒற்றை உடலின் நிதானமான உருளல்தான் வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்பவர்களும் உண்டு. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: கீல் உள்ள படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும், பெரிய கேட்டமரன் கவிழ்ந்தால் அப்படியே கிடக்கும். அதனால்தான் பொறுப்பான கேப்டன் காற்று ஏறும்போதே பாயைச் சுருக்கிக் கட்டிவிடுவார்.

கேட்டமரனுக்கு இடமும் கைகொடுக்கிறது. வியாபாரக் காற்று வீசும் வெப்பமண்டலக் கடல்களில் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே தீவின் மேற்குக் கரைதான் காற்றுக்கு மறைவான பக்கம், சூரியன் கடலில் இறங்குவதும் அங்கேதான். தண்ணீர் தட்டையாக இருக்கும்போது கேட்டமரனின் குறைகள் அடங்கிப்போகின்றன. ஆனால் தீவு மலைப்பாங்காக இருந்தால் காற்று செத்துப்போகும். அப்போது எந்தப் பாய்மரமும் எஞ்சினைத்தான் நம்ப வேண்டும்.

மோட்டார் படகு சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேரும், இதைக் குறைத்து மதிப்பிட முடியாது. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அதன் கீழ்விளிம்பு தொடுவானத்தைத் தொட்டதிலிருந்து முழுதும் மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். தாமதித்தால் போயே போச்சு. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியன் கடலைத் தொடுவதாக நாம் பார்க்கும் நேரத்தில் அது உண்மையில் ஏறக்குறைய முழுதாகவே அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். இந்த அதிசயத்தைப் பார்க்கும் நேரத்தில் காதில் எஞ்சின் இரைச்சலும், பின்காற்று அடித்தால் மூக்கில் டீசல் புகையும் வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. மேல்தளத்தில் பார்வைக்கு மறைப்பு இல்லை, ஆனால் உயரம் கூடக் கூட ஆட்டமும் கூடும்.

ஏறுவதில் மட்டும் மோட்டார் படகுக்கே முதலிடம். படகுத்துறையிலிருந்து பலகை வழியாக நடந்தே ஏறிவிடலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். கடற்கரைக் கேட்டமரன் மணல்வரை வரும். 1947-ல் ஹவாயில் வுடி பிரவுனும் கூட்டாளிகளும் கட்டிய ‘மனு காய்’ அப்படிக் கரையேறிய படகுகளில் பெயர் பெற்றது. வசதிதான், ஆனால் தண்ணீரில் இறங்கி நனைந்து ஏணியைப் பிடிக்க வேண்டும்.

பாய்மர ஓட்டத்தையே ரசிக்க வருபவர் தயங்காமல் ஒற்றை உடலுக்குப் போகலாம். சுக்கானைக் கையில் பிடித்தால் காற்றின் அழுத்தம் விரல்வரை தெரியும், கேட்டமரனில் அது அவ்வளவாகத் தெரியாது.

பதிவு செய்யும்முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை பேர் ஏறுவார்கள், எஞ்சினை எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள், சூரியன் இறங்கும்போது முன்பாயைச் சுருட்டுவார்களா. முன்பாய் விரிந்தே இருந்தால் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத் துணிதான் தெரியும். கேட்டமரனின் முன்பக்க வலையில் படுத்துக்கொண்டு போவது சுகம்தான், கீழிருந்து தண்ணீர் தெறிக்கும் என்பதால் போனை உறையில் போட்டுவிடுங்கள். குமட்டல் வரும் உடம்பென்றால் அங்கே போகாமல் படகின் நடுவில், தொடுவானம் தெரியும்படி உட்காருங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது.