திருமலையிலிருந்து மட்டக்களப்புக்கு 660 சீசீ காரில் குடும்பத்தோடு: பல வருட ஓட்டத்தின் அனுபவம்

"இந்தச் சின்னக் காரில் குடும்பத்தோடு மட்டக்களப்பு வரைக்கும் போகலாமா?" திருமலையில், அதாவது திருகோணமலையில், கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். தாராளமாகப் போகலாம். பல வருடங்களாகப் போய்வருகிறோம். ஆனால் நாலு பேருக்கு மேல் ஏறக்கூடாது, விடியவே புறப்பட வேண்டும், சாமான் விஷயத்தில் கையை இறுக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் என்ஜின் சிறியது என்ற கவலையே தேவையில்லை.

எங்கள் வீட்டில் நான், மனைவி, மகள், அம்மா. அக்கா கல்லடியில் இருக்கிறார். பாடசாலை லீவு, கோயில் திருவிழா, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம்தான் ஓட்டம். கார் ஜப்பானில் பாவித்து வந்தது. உயரமான கூரை, ஓட்டோ கியர், 14 அங்குல டயர். 2020 இல் வாகன இறக்குமதி நின்றபோது இருந்ததைப் பத்திரமாக வைத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2025 இல் இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகும் மாற்ற மனம் வரவில்லை. விலை ஒரு காரணம். எங்கள் தேவைக்கு இது போதும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

திருமலையையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ15 வீதி ஏறத்தாழ 130 கிலோமீற்றர். சீனன்குடா, வெள்ளைமணல், கிண்ணியா, மூதூர்ப் பக்கம், கிளிவெட்டி, சேருநுவர, வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, பிறகு ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர் என்று போகும். மலை ஏற்றம் எதுவும் இல்லை. ஊருக்கு வெளியே காருக்கு 70 தான் வேக எல்லை, அந்த வேகத்தில் இது அலுங்காமல் ஓடும். ஏசியும் நாலு பேரும் இருக்கும்போது டிப்பர் ஒன்றை முந்துவதுதான் கொஞ்சம் கஷ்டம். நல்ல இடைவெளி கிடைக்கும் வரை பின்னால் பொறுமையாகப் போக வேண்டும்.

இந்த வீதியில் இப்படிச் சுகமாகப் போவதே பெரிய கொடுப்பினை என்று அம்மா சொல்வார். கிண்ணியாவில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை) வரும் வரை வெயிலில் காத்து நின்றவர் அவர். யுத்த காலத்தில் கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை என்று சுற்றித்தான் மட்டக்களப்புக்குப் போக வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். மற்றப் பாலங்களும் வந்த பிறகுதான் காலையில் போய்ப் பின்னேரம் திரும்புகிற பயணமாக இது மாறியது.

அதே பாலத்தில்தான் இந்தக் காரின் முக்கியமான குறையும் தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், மே முதல் செப்டெம்பர் வரை, தம்பலகாமக் குடாப் பக்கமிருந்து காற்று வலப்பக்கத்தில் வந்து மோதும். பாரம் குறைந்த, உயரமான வண்டி. ஸ்டியரிங் மெல்ல இடது பக்கம், பாலத்துக் கைப்பிடிச் சுவரை நோக்கி இழுக்கும். எதிரே பஸ் வந்து கடந்ததும் காற்று ஒரு கணம் நின்று, திரும்பவும் தள்ளும். 50க்குக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஓட்டினால் பயமில்லை. பழக்கமில்லாதவர் கையில் கச்சான் நாளில் இதைக் கொடுக்க மாட்டேன்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீதி தென்கிழக்காகப் போகிறது. காலையில் போகும்போது சூரியன் இடப்பக்கம், பின்னேரம் வடமேற்காகத் திரும்பி வரும்போதும் இடப்பக்கம்தான். அதனால் அம்மாவுக்கு எப்போதும் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கை. மகளின் பக்கக் கண்ணாடிக்கு ஒரு துணித் திரை போட்டிருக்கிறோம். சிறிய ஏசி இரண்டு பக்க வெக்கையோடும் மல்லுக்கட்டத் தேவையில்லாமல் போவது நன்றாகவே தெரிகிறது.

பெற்றோல் விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி. இந்த ஓட்டத்தில் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் அளவில் கிடைக்கிறது. 2022 தட்டுப்பாட்டில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். அந்தக் கோட்டாவுக்குள்ளேயே அக்கா வீட்டுக்குப் போய்வந்து, ஊருக்குள் ஓடவும் மிச்சம் இருந்தது. பெரிய வான் வைத்திருந்த சொந்தக்காரர்கள் அப்போது அசையவில்லை.

இனிப் பராமரிப்பு. எங்கள் கரையோரத்துக் காருக்கு உண்மையான எதிரி உப்பு. கதிரவெளி, வாகரைப் பக்கம் கடல் காற்று நேராகப் படுகிறது, திருமலையில் வீட்டு வாசலில் நின்றாலும் அதே காற்றுத்தான். ஒரு முறை கராஜில் தூக்கிப் பார்த்தபோது, சைலன்சரைப் பிடித்திருக்கும் கிளிப்பில் விரல் வைத்ததும் துரு தோல் தோலாக உரிந்து கையில் வந்தது. மேலே பெயின்ட் புதிதாகவே இருந்தது! அன்றிலிருந்து ஒவ்வொரு மட்டக்களப்புப் பயணத்துக்குப் பிறகும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது வீட்டு வழக்கம். மேலே பொலிஷ் போடும் காசை அடிப்பக்கத்துக்குச் செலவழியுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

மற்றபடி பெரிய செலவு வரவில்லை. கியர் ஒயில் சீவீடிக்கு (இந்தக் காரில் உள்ள ஓட்டோ கியர் வகை) உரியதாகவே இருக்க வேண்டும், மலிவு என்று வேறு எதையும் ஊற்றக்கூடாது. சிக்னலில் என்ஜின் தானாக அணையும் வசதி உள்ள கார்களுக்குத் தனி வகை பற்றறி, சாதாரணத்தைவிட விலை கூட. வாங்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள். நாலு பேரோடு போகும் நாளில், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து டயருக்குக் காற்று அடித்துவிட்டுத்தான் பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைக்கப் போவோம்.

டிக்கி என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு பை வைத்தால் நிரம்பிவிடும். போகும்போது புட்டும் வாழைப்பழமும்தான் சாமான், அதையும் வெருகல் கோயிலடி மர நிழலில் சாப்பிட்டு முடித்துவிடுவோம். திரும்பும்போதுதான் அக்காவின் பாசம் பாரமாக ஏறும்: அரிசி, கஜு, எருமைத் தயிர்ச் சட்டி. அரிசி மூட்டை ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, வேகத்தடையில் அடிப்பக்கம் உரசுகிறது. ஆகவே அரிசி வேண்டாம், தயிர் மட்டும் என்று அக்காவோடு பேசி முடிவெடுத்தோம். சட்டி நிற்க நல்ல இடம், முன் இருக்கையில் இருப்பவரின் இரண்டு காலுக்கும் நடுவே.

நவம்பர் முதல் ஜனவரி வரை மட்டும் யோசித்துத்தான் புறப்படுவோம். மகாவலி பெருகினால் வெருகல் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். அடிப்பக்கம் தாழ்ந்த இந்தக் காரை அதில் இறக்கவே கூடாது. வெருகலுக்குக் கிட்ட உள்ள ஈச்சிலம்பற்றில் தெரிந்தவர்களுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டே வெளிக்கிடுவோம். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் வெறுங்காலோடு வீதியோரம் நடக்கும் நாட்களில் மெதுவாகப் போங்கள். பொழுதுபட்ட பிறகு சேருநுவரவுக்கும் கதிரவெளிக்கும் இடையில் வேண்டவே வேண்டாம். மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும், யானையும் வரும். கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்க்கும் ஆசை இருந்தால் அக்கா வீட்டில் இரவு தங்கிவிட வேண்டும்.

வீட்டில் ஐந்து பேர் என்றால் இதை வாங்க வேண்டாம். "பிள்ளைதானே, மடியில் இருக்கட்டும்" என்று 130 கிலோமீற்றருக்கு யாரும் சொல்லக்கூடாது. அக்காவின் மகன் லீவுக்கு எங்களோடு திருமலைக்கு வர ஆசைப்பட்டபோது, நானும் அவனும் பஸ்ஸில் வந்தோம், காரை மனைவி ஓட்டி வந்தார்.