பழைய இரும்போடு போன சுவிட்ச்

போன வாரம் வத்தளையிலிருந்து நண்பன் ஒருவன் போன் எடுத்தான். அவனுடைய டொயோட்டா 121 கொரொல்லாவும் மூன்றாம் கியருக்கு மாறும்போது வழுக்கத் தொடங்கிவிட்டதாம். "நீ வீட்டிலேயே ஓட்டோ கியர் பொக்ஸ் மாற்றினாய்தானே மச்சான், இப்ப எப்படி? நானும் செய்யவா?" என்று கேட்டான். அன்று காலைதான் என் கார் வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ்ஸுக்கு முன்னால் வைத்து என் மானத்தை வாங்கியிருந்தது. அதனால் அவனுக்குச் சொன்ன பதில் நல்ல பதில் இல்லை. ஆறியிருந்து எழுதினால் நியாயமாக எழுதலாம் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

மாற்றியது 2023 சித்திரை லீவில். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றிருந்தது, தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் எங்களைப் போன்றவர்கள் கையில் இருந்த காரை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். என் பழைய பொக்ஸ் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் மட்டும் கத்தும், கார் யோசிக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் கறுப்பு, கருகின மணம். கராஜில் கேட்ட கூலி பொக்ஸ் விலையில் பாதிக்கு மேல். அந்த ரோசத்தில்தான் நானும் மச்சினனும் இறங்கினோம்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினோம். யப்பானிலிருந்து கழற்றி வந்த யு340ஈ என்ற மொடல் பொக்ஸ், நாலு கியர். "அறுபதாயிரம்தான் ஓடியது மாத்தயா" என்றார் கடைக்காரர். அங்கே இருக்கிற எல்லாப் பொக்ஸும் அறுபதாயிரம்தான் ஓடியிருக்கும். டிப்ஸ்டிக் ஓட்டைக்குள் கம்பியை விட்டு எடுத்து மணந்து பார்த்தோம். சிவப்பு, கருகல் இல்லை. ஏழு நாள் செக்கிங் வாரண்டி. வாங்கியது ஏப்ரல் 8, சனிக்கிழமை. வேலை முடிந்து காரை ஸ்டார்ட் பண்ணியது 16ஆம் தேதி. நடுவில் வருடப்பிறப்புக்குத் தெருவே பூட்டு. வாரண்டி எங்கே போனது என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

கழற்றுவது பொறுமை வேலை, அவ்வளவுதான். பற்றரி, ஏர் ஃபில்டர் பெட்டி, ட்ரைவ் ஷாஃப்ட் இரண்டு, எஞ்சினுக்கு முண்டு, பிறகு எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியாகப் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டரின் ஆறு போல்ட். கிராங்க் புல்லியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக ஓட்டைக்கு நேரே கொண்டுவர வேண்டும். காரை நல்ல ஸ்டாண்டில்தான் தூக்கினோம். சீமெந்துக் கல்லில் ஏற்றலாம் என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார். அவர் கீழே படுக்கப் போவதில்லையே.

ஒரு இடத்தில் மட்டும் எங்களுக்கு வேர்த்தது. புதுப் பொக்ஸில் கன்வேர்ட்டரை வைத்து, தள்ளியபடியே திருப்ப வேண்டும். ஷாஃப்ட்டின் பல், அதற்கு வெளியே ஸ்டேட்டரின் பல், கடைசியாக ஒயில் பம்ப். மூன்றிலும் பொருந்தி உள்ளே இறங்கும், ஒவ்வொன்றுக்கும் கைக்கு ஒரு 'டொக்' தெரியும். எங்களுக்கு இரண்டு டொக் வந்தது. மச்சினன் "காணும் அத்தான், ஏத்துவம்" என்றான். ஸ்டீல் ரூலை விளிம்பில் வைத்துப் பார்த்தேன், கன்வேர்ட்டர் இன்னும் வெளியே நின்றது. அப்படியே எஞ்சினோடு சேர்த்து போல்டை இறுக்கியிருந்தால் பம்ப் உடைந்திருக்கும், வாங்கிய பொக்ஸும் அன்றைக்கே பழைய இரும்பு. இருபது நிமிடம் திருப்பினோம். மூன்றாவது டொக் வந்தபோது மச்சினன் கைதட்டினான்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலரையும் சிவப்பு ஒயில் வரும்வரை கழுவினோம். பழைய பொக்ஸின் தூள் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். ஒயில் டைப் டி-4. முதல் ஆயிரம் கிலோமீற்றரில் ஒருமுறை மாற்றினேன். ட்ரெயின் பண்ணினால் எல்லாம் வராது, கன்வேர்ட்டருக்குள் நிறைய நின்றுவிடும் என்பதால் இன்னொரு முறையும்.

இப்போது 31,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. பொக்ஸைப் பற்றிக் குறை சொல்ல நாக்கு வராது. காலி வீதி நெரிசலில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறுவது தெரியவே தெரியாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் தேடித் திரியாமல் ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. யாழ்ப்பாணம் போகும்போது மாங்குளத்துக்குப் பிறகு நேர் ரோட்டில் கன்வேர்ட்டர் லொக் ஆகி, அதாவது எஞ்சினும் பொக்ஸும் நேராகப் பிணைந்து, டகோமீட்டர் முள் மெதுவாக ஒரு சொட்டு இறங்கும். அதைப் பார்ப்பதற்காகவே ஏ9இல் மனைவியிடம் ஓட்டக் கொடுக்க மாட்டேன்.

சரி, சந்தையடி விஷயம். காரை 'பி'யில் (பார்க்) போட்டு நிறுத்தினால், திரும்பத் திறப்பைத் திருப்பும்போது சில நாள் 'டிக்' சத்தம்கூட வராது. பிரேக்கை மிதித்து 'என்'னுக்கு (நியூட்ரல்) இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். பின்னால் பஸ் ஹோன் அடிக்க, போலிஸ்காரர் கையைக் காட்ட, நான் லீவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காரணம், பொக்ஸின் மேல் இருக்கிற நியூட்ரல் சுவிட்ச். அது 'பி'யிலும் 'என்'னிலும் மட்டும்தான் ஸ்டார்ட்டருக்கு வழிவிடும். இரண்டு போல்டைத் தளர்த்தி ஒரு நூல் திருப்பினால் 'பி' சரியாகும், ஆனால் ரிவர்ஸ் விளக்கு எரியாது. அப்படித்தான் ஒரு இரவு பக்கத்து வீட்டு ஐயாவின் ரோஜாச் சாடி போனது. மற்றப் பக்கம் திருப்பினால் விளக்கு எரியும், 'பி' போய்விடும். கழற்றித் திறந்து பார்த்தேன், உள்ளே கிறீஸ் தாராகி, தகடு தேய்ந்திருந்தது. யப்பானிலிருந்து சுவிட்சும் பொக்ஸோடேயே வந்ததுதான். புதியதன் விலையைக் கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான்: என் பழைய பொக்ஸில் இருந்த சுவிட்சுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பத்து நிமிடத்தில் கழற்றி மாற்றியிருக்கலாம். ஆனால் வேலை முடிந்து மூன்றாம் நாள், பழைய இரும்பு, போத்தல் எடுக்கும் ஓட்டோக்காரர் தெருவில் கூவிக்கொண்டு வர, பொக்ஸை அப்படியே நிறுத்துக் கொடுத்துவிட்டேன். சுவிட்ச் அதன் மேலேயே இருந்தது. கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட வாங்கிவிட்டேன் என்று வீட்டில் பெருமை வேறு பேசினேன்.

அதனால், மச்சான், நீ கராஜில் கொடு. காசு போனாலும் வாரண்டி நாளுக்குள் முடித்துத் தருவார்கள், முதுகும் உன்னிடமே இருக்கும். என்னுடையது இனி ஒருநாள் போனால் நான் வீட்டில்தான் மாற்றுவேன், அது வேறு கதை. கழற்றுகிற பழைய பொக்ஸை மட்டும் இரும்புக்குப் போட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை பத்தாம் நம்பர் ஸ்பானரோடு வருகிறேன், அதன் சுவிட்ச் எனக்கு வேண்டும்.