பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர்: திருவொற்றியூர் கற்களில் ஆறு மாதம்

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால் வெளிச்சம் வருவதற்குள் திருவொற்றியூர் கடலோரம் போய்விடலாம். ஆறு மாதமாக என்னோடு அங்கே வருவது ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு வாங்கிய 67 மி.மீ. என்டி1000 ஃபில்டர், அதாவது கேமரா லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டும் கண்ணாடி.

வெல்டிங் கண்ணாடி போலக் கறுப்பாக இருக்கும். வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், பத்து ஸ்டாப் என்றால் பத்து முறை பாதியாகும். சாதாரணமாக ஷட்டர் 1/60 விநாடி திறந்தால் போதும் என்கிற இடத்தில் இதை மாட்டினால் சுமார் 17 விநாடி ஆகும். அதற்குள் வந்து மோதுகிற அலையெல்லாம் ஒன்றாகக் கலந்து பனி மாதிரி படிந்துவிடும், கல் மட்டும் கல்லாகவே நிற்கும்.

எங்கள் பக்கத்துக் கடலில் கல்லுக்குப் பஞ்சமில்லை. தெற்கேயிருந்து நகர்ந்து வரும் மணலைத் துறைமுகம் மறித்ததால் மெரினாவில் கரை அகன்றது, இங்கே கடல் ஊருக்குள் ஏறியது. அதற்காகத்தான் பாறாங்கல் கொட்டித் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள், போட்டார்கள். வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். அழகாக இருக்கிறது என்று அந்தக் கல்லைப் படமெடுக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும்.

என்னை இந்த ஃபில்டரை வாங்க வைத்தவர் இங்கிலாந்துப் புகைப்படக்காரர் மைக்கேல் கென்னா. சதுரமான கறுப்பு வெள்ளைப் படங்கள், நான்கு குச்சி, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் அவரைப் போலவே எடுக்கப் பார்த்தேன். அடிவானத்தில் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களையும் வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும் எப்படி ஒதுக்குவது என்பதே வேலையாக இருந்தது. அப்புறம்தான் அதே கென்னா இங்கிலாந்தில் ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தைப் பல வருஷம் படமெடுத்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்தத் தொடரைப் பார்த்த மறுநாளே எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனேன். இரண்டு நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைத்ததில் புகை ஒரே வெள்ளைப் பட்டையாக இழுபட்டு விழுந்தது. ஆறு மாதத்தில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். படத்தில் பழுப்பு படிகிறது, நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைக் கையால் மாற்றித்தான் ஆகவேண்டும். லென்ஸை 18 மி.மீ. அகலக் கோணத்தில் வைத்தால் படத்தின் மூலைகள் இருளும். பெரிய தொல்லை கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையம்தான். அலுமினியம் என்பதால் உப்புக்காற்றில் மரை இறுகி, ஒருநாள் லென்ஸோடு ஒட்டிக்கொண்டது. சமையல்கட்டு ரப்பர் கையுறை போட்டுத் திருகித்தான் எடுத்தேன். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பித்தளை வளையம் வாங்குங்கள். கண்ணாடியில் சாரல் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்பு கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத் துடையுங்கள்.

ஃபோகஸை ஃபில்டர் மாட்டுவதற்கு முன்பே செய்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரை மூடுங்கள், பின்பக்க வெளிச்சம் படத்தில் கோடாக விழும். இந்த ஃபில்டர் வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது, இது அதற்கான கண்ணாடி இல்லை.

ஒருநாள் முப்பது விநாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபைபர் படகு கரைக்கு வந்தது. படகுக்காரர் வலையைத் தோளில் போட்டபடி வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, அலையே காணோம்?"

நீளமாக எடுத்தால் அப்படித்தான் வரும் என்று சொன்னேன்.

"நான் இப்பதான அது வழியா வந்தேன். என் போட்டு எங்க?"

திரையைப் பெரிதாக்கித் தேடினேன். கல்லுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்மேல் ஒரு மெல்லிய நீலத் தேய்ப்பு மட்டும் இருந்தது. அதைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஃபில்டரைக் கழற்றி 1/500இல் அவரையும் படகையும் எடுத்து, அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றிலிருந்து ஆள் நடமாட்டம் இருக்கும் நேரத்தில் இதை மாட்டுவதில்லை. காசிமேடு மீன் ஏலத்துக்குப் போனால் பையிலேயே இருக்கும்.