மாத வாடகையா, ஒத்தியா?

சென்னையில் ‘லீஸ்’ என்றும், தென்மாவட்டங்களில் ‘ஒத்தி’ என்றும், வேறு சில ஊர்களில் ‘போக்கியம்’ என்றும் வழங்கும் ஏற்பாடு ஒன்றுதான்: ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, கெடு முடிந்ததும் முழுத் தொகையையும் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டைக் காலி செய்வது. இதை மாத வாடகையோடு ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் மிச்சக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 5 லட்சம் ரூபாய் ஒத்திக்கு வரும் வீட்டின் வாடகை மதிப்பு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே தொகையை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் சுமார் 2,900 ரூபாய்தான் வரும். ஆகவே குடிவருபவருக்கு மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் ஆதாயம். வீட்டுக்காரர் இதற்கு ஏன் சம்மதிக்கிறார்? அந்தப் பணத்தை வெளியில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் அவர் மாதம் 10,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். வாடகையை இழப்பது அதைவிட மலிவு. ஒத்திக்கு விடுபவர் பலநேரம் பணமுடையில் இருப்பவர் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. வீட்டின் காற்றோட்டத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய கடன் நிலவரத்தைப் பார்ப்பது நல்லது.

சட்டத்தின் பார்வையிலும் இவை இரண்டும் வெவ்வேறு உறவுகள். வாடகைக்கு, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும்; வேறு உடன்பாடு இல்லாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது; தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. மேலே சொன்ன வீட்டில் வாடகைதாரர் பணயம் வைப்பது 24,000 ரூபாய். ஒத்திக்காரர் பணயம் வைப்பது 5 லட்சம்.

ஒத்தி என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவு கூறும் அனுபவ அடமானம்; அதாவது, வாங்கிய கடனுக்கு ஈடாகச் சொத்தை அனுபவிக்கக் கொடுப்பது. இதில் குடியிருப்பவர் கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் கடன்பட்டவர். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அத்தகைய அடமானத்தை இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாட்டில், வீட்டை ஒப்படைத்துவிடும் இத்தகைய சுவாதீன அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை கடன் தொகையில் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம்; 5 லட்சத்துக்கு 25,000 ரூபாய் ஆகும். இந்தச் செலவுக்கு அஞ்சித்தான் பலர் சாதாரண முத்திரைத் தாளில் ‘லீஸ் அக்ரிமெண்ட்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். பதிவாகாத அந்தத் தாள், சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டின் மீது அடமான உரிமை எதையும் உண்டாக்கவும் செய்யாது. மாதம் 5,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டவர், ஐந்தே மாத மிச்சத்தில் அடைந்துவிடக்கூடிய பாதுகாப்பை வேண்டாம் என்கிறார்.

பதிவு செய்துவிட்டாலும் கவலை முழுவதும் தீராது. வீட்டின் மீது முன்பே வங்கிக் கடன் இருந்தால், அந்த அடமானமே முந்தியது. தவணை தவறி வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தால், பின்னால் வந்த ஒத்திக்காரரின் உரிமை அதற்கு அடங்கியதாகவே இருக்கும். வில்லங்கச் சான்றைப் பார்ப்பதோடு, மூலப் பத்திரம் வேறெங்கும் அடமானத்தில் இல்லை என்பது உறுதியாக அதையும் கண்ணால் பார்க்க வேண்டும். ‘ஒரிஜினல் அண்ணன் வீட்டு பீரோவில் இருக்கிறது’ என்று சொல்லி ஜெராக்ஸ் நீட்டுபவரிடம் முன்பணம் கொடுப்பது வீண் துணிச்சல்.

வீட்டுக்காரரின் பக்கமும் உண்டு. வாடகைக்கு விட்டவர், பாக்கி குறிப்பிட்ட அளவை எட்டும்போதோ வீடு சொந்த உபயோகத்துக்குத் தேவைப்படும்போதோ வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். ஒத்திக்கு விட்டவர் கெடுவுக்குப் பின் முழுத் தொகையையும் எண்ணி வைத்தால்தான் சாவி திரும்பும். அதேவேளை, மீட்கும் உரிமை எளிதில் அற்றுப்போவதில்லை: கெடு குறிக்காத அனுபவ அடமானத்தில், எழுதி 30 ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதை மட்டும் காட்டி ஒத்திக்காரர் வீட்டைத் தனதென்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

கையில் இருப்பது சேமிப்பின் பெரும்பகுதி என்றால் நான் மாத வாடகையையே தேர்வேன். வேறு கடனில்லாத வீடு, பதிவான பத்திரம் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் ஒத்தியை யோசிப்பேன். அப்போதும் பத்திரத்தில் ஒரு வரியைத் தேடுவேன். வெறும் அனுபவ அடமானத்தில் ஒத்திக்காரர், பணம் வரும்வரை வீட்டில் இருக்கலாமே தவிர, வீட்டை விற்றுத் தரும்படி வழக்குத் தொடுக்க முடியாது. ‘இன்ன தேதியில் தொகையைத் திருப்பித் தருகிறேன்’ என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருந்தால் பணத்துக்காகவே வழக்குப் போடும் வழி பிறக்கும். பத்திரம் எழுதுபவர்கள் பழைய மாதிரியைப் பார்த்து எழுதும்போது இந்த வரி விடுபட்டுப் போகலாம் என்பதால், கையெழுத்துக்கு முன் அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. பணம் திரும்பிய நாளில் மீட்பு ரசீதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால், தீர்ந்துபோன ஒத்தி வில்லங்கச் சான்றில் உயிரோடு நின்று, வீட்டுக்காரர் விற்கப்போகும்போது வழிமறிக்கும்.